ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்: யாரைக் கேட்பது?

தாராவியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி இது. மகள் முன்சிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் நான்காவது படிக்கிறாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் இரண்டே டீச்சர். அதில் ஒருவர் தேர்தல் வேலைக்குப் போய்விட்டால் மிச்சமிருப்பவர்தான் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். பள்ளியில் கேட்டால் மாநகராட்சியைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் மாநில அரசு ஆள் எடுக்கவில்லை என்கிறார்கள், கட்சிக்காரர்களைக் கேட்டால் டெல்லியில் இருந்து பணம் வரவில்லை என்கிறார்கள். “மூன்று அரசாங்கமும் கல்விக்குக் கோடி கோடியாக ஒதுக்குகிறதே, அதெல்லாம் எங்கே போகிறது, இதை எப்படிச் சரிசெய்வது?” என்று முடித்திருந்தார்.

சகோதரி, நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை அலைக்கழிப்பது இன்னொரு கேள்வி என்று நினைக்கிறேன். உங்கள் மகளின் வகுப்புக்கு இன்னொரு டீச்சரைப் போட யாருக்கு அதிகாரம், அந்த ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? அதற்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன், பணக் கணக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். நான் மும்பையில் 12 வருடம் தமிழ்வழி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, அப்புறம் 17 வருடம் கல்விக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது தொடக்கக் கல்வி, அதுவும் மாநகராட்சிப் பள்ளிகள். கல்லூரி, பல்கலைக்கழகம் பற்றியெல்லாம் பேச நான் ஆள் இல்லை.

முதலில் கேட்க வருத்தமாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் என்பது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணை ஆசிரியர் எண்ணிக்கையை வகுப்பை வைத்துக் கணக்கிடுவதில்லை, மொத்தப் பிள்ளைகளை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, அதற்கு மேல் 200 வரை ஐந்து. உங்கள் பள்ளி இருக்கும் கட்டடத்தில் ஆயிரம் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் ஒரே கட்டடத்தில் மராத்தி, இந்தி, உருது, தமிழ், ஆங்கிலம் என்று ஒவ்வொரு வழியும் தனித்தனிப் பள்ளி, தனித்தனி எண். தமிழ்ப் பக்கம் 58 பிள்ளைகள் என்றால் இரண்டு டீச்சர்தான். 61 ஆனால் அட்டவணைப்படி மூன்று. மூன்று பிள்ளைகளின் வித்தியாசத்தில் ஒரு டீச்சர் வருகிறார் அல்லது போகிறார். இதனால்தான் தமிழ்வழி தேய்கிறது: பிள்ளைகள் குறைந்தால் டீச்சர் குறைகிறார், டீச்சர் குறைந்ததைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் நாலு பெற்றோர் மாநகராட்சியின் ஆங்கிலவழிக்கோ பக்கத்துத் தனியார் பள்ளிக்கோ மாற்றிவிடுகிறார்கள், அதனால் எண்ணிக்கை இன்னும் இறங்குகிறது. என் கண்முன்னாலேயே ஆறு பிரிவு இருந்த பள்ளி இரண்டு அறைக்குள் சுருங்கிப் போனது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண்ணிக்கையை யார் எண்ணுகிறார்கள் என்பது அடுத்த விஷயம். வருடா வருடம் ‘சஞ்ச மான்யதா’ என்று ஒன்று நடக்கும், அதாவது இந்தப் பள்ளிக்கு இத்தனை பணியிடம் என்று அங்கீகரிப்பது. விதி மாநில அரசுடையது. இப்போது அதில் ஆதார் சரிபார்க்கப்பட்ட பிள்ளைகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் நிறைய அடிபடுகிறார்கள். மகாராஷ்டிரத்துப் படிவத்தில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது மாதிரி. பிள்ளை தினமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கணினியில் இருக்காது. 62 பேர் படிக்கிற பள்ளி காகிதத்தில் 57 ஆகி ஒரு பணியிடம் போவது இப்படித்தான்.

சரி, யார் எதைத் தருகிறார்கள்? 1976-இல் 42-ஆவது திருத்தம் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து டெல்லி, மாநிலம் இரண்டுக்கும் சட்டம் போடும் அதிகாரம் உண்டு, ஆனால் செலவில் பெரும்பகுதி இன்றும் மாநிலங்களின் தலையில்தான். மத்திய அரசு முக்கியமாகத் தருவது சமக்ர சிக்ஷா என்ற திட்டத்தின் வழியாக. 2018-இல் பழைய சர்வ சிக்ஷா அபியானையும் வேறு இரண்டு திட்டங்களையும் சேர்த்து உண்டாக்கியது. மகாராஷ்டிரம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2025-26 பட்ஜெட்டில் நாடு முழுவதுக்கும் சுமார் 41,250 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தெரியும். மும்பை மாநகராட்சி ஒன்றின் கல்வி பட்ஜெட்டே அதே வருடம் சுமார் 3,955 கோடி என்பதோடு வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லியது என்று புரியும். உங்கள் மகளின் டீச்சருக்குச் சம்பளம் தருவதும், கட்டடத்தைப் பராமரிப்பதும், நோட்டு, பை, குடை என்று 27 பொருள் கொடுப்பதும் மாநகராட்சி. 1888-ஆம் வருட மும்பை மாநகராட்சிச் சட்டத்திலேயே தொடக்கப் பள்ளி கட்டாயக் கடமையாக இருக்கிறது. ஆனால் அந்த டீச்சருக்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை பேர், எந்தத் தேர்வு, எந்த இணையதளம் வழியாக எடுப்பது என்பதெல்லாம் மாநிலம் முடிவு செய்வது. ‘பவித்ரா’ போர்ட்டல் திறந்தால்தான் ஆள் வரும். ஆக, சம்பளம் தருபவர் ஒருவர், ஆள் எடுக்கும் கதவைத் திறப்பவர் ஒருவர், எத்தனை பேர் என்று சட்டம் போட்டவர் இன்னொருவர். உங்களுக்கு ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்களே, அதில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் மிக மோசமான பகுதி.

இந்த மூன்று கைகளுக்கு இடையில் பணம் சிக்கிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். மாநகராட்சி தொடக்கக் கல்விக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கை மாநிலம் மானியமாகத் தர வேண்டும். அந்தப் பாக்கி ஆயிரக்கணக்கான கோடி என்று மாநகராட்சி பட்ஜெட்டில் வருடா வருடம் எழுதி வருகிறார்கள். இதே கதை ஒரு படி மேலே: சமக்ர சிக்ஷாவில் 2024-25-க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடியை, மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக மத்திய அரசு நிறுத்திவிட்டது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியலில் யார் சரி என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். சம்பளத்தையும் கல்வி உரிமைச் சட்டச் செலவையும் இன்னொரு திட்டத்துக்குப் பணயமாக வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவே செலவு இரு அரசுகளின் பொறுப்பு என்று சொல்கிறது. வருமான வரியோடு நாம் கட்டும் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ்ஸும் மாநிலங்களோடு பங்கு போடப்படும் தொகுப்பில் சேராது. டெல்லி திட்டம் போட்டு அனுப்பினால்தான் வரும்.

இனி நான் 17 வருடம் உட்கார்ந்து பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பத்திரிகைகளில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. எவ்வளவு பணம் என்பதைவிட எந்த மாதம் வருகிறது என்பதுதான் பள்ளியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சமக்ர சிக்ஷாவில் பள்ளிக்கு நேராக வருவது கூட்டு மானியம் ஒன்று. முப்பது பேருக்கு மேல் நூறு பேர் வரை உள்ள சிறிய பள்ளிக்கு 25,000 ரூபாய், அதற்கு மேல் எண்ணிக்கையைப் பொறுத்து 50,000, 75,000, ஆயிரம் பேரைத் தாண்டினால் ஒரு லட்சம். அதில் 10 சதவீதம் சுத்தத்துக்கு ஒதுக்க வேண்டும். 25,000-ஐ 200 வேலை நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 125 ரூபாய். சாக்பீஸ், ஃபினாயில், உடைந்த குழாய், எல்லாம் அதற்குள். அந்தப் பணம் டெல்லியில் இருந்து தவணையாக வர வேண்டும். முந்தைய தவணையில் முக்கால் பங்கு செலவான கணக்கைக் காட்டினால்தான் அடுத்தது. 2021-க்குப் பிறகு இந்தத் திட்டத்துக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு வங்கிக் கணக்கு, மற்ற எல்லோருக்கும் அதிலிருந்து இவ்வளவு எடுக்கலாம் என்ற ‘லிமிட்’ மட்டும். டெல்லியின் பங்கை மாநிலம் அந்தக் கணக்குக்கு அனுப்ப 30 நாள் கெடு, தவறினால் 7 சதவீத வட்டி என்றும் வைத்தார்கள். வழியில் பணம் வேறு கணக்கில் தூங்குவதைக் குறைக்கக் கொண்டுவந்த நல்ல ஏற்பாடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 31 ராத்திரியோடு பள்ளியின் லிமிட் பூஜ்யம் ஆகிவிடும்.

மும்பையின் வருடத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். மழை ஜூனில் அடிக்கத் தொடங்குகிறது, பள்ளியும் அதே ஜூன் நடுவில் திறக்கிறது. ஒழுகும் கூரையை அடைக்க, சுவரைப் பூச, கழிப்பறையைச் சரிசெய்ய, பிள்ளைகள் இல்லாத ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் சரியான நேரம். அந்த இரண்டு மாதம்தான் கணக்கில் ஒரு பைசா இருக்காது. போன வருடப் பணம் மார்ச்சில் போய்விட்டது, இந்த வருடத்தின் முதல் தவணை இன்னும் கிளம்பவில்லை. பணம் வந்து சேர்வது டிசம்பர், ஜனவரி, சில வருடம் மார்ச். அப்போது பள்ளியில் தேர்வு. ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், ஒரு வருடம் மார்ச் 19-ஆம் தேதி லிமிட் வந்தது. தலைமையாசிரியை மூன்று கடையில் விலை கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பில் வாங்கி ஏற்றுவதற்குள் 31 ஆகிவிட்டது. பாதிப் பணம் திரும்பிப் போனது. அந்த ஜூனில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மூலையில் வாளி வைத்துக்கொண்டு படித்தார்கள். “நிதியைப் பயன்படுத்தாத பள்ளிகள்” என்ற பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரும் வந்தது, அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது என் மேஜையில். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எனவே எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால், என் முதல் பதில் ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் செய்யக் கூடியது: பள்ளியின் சிறு மானியத்துக்கு மட்டுமாவது மார்ச் 31 கெடுவை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் வரை வைத்துச் செலவழிக்க அனுமதி கொடுங்கள். முதல் தவணையை ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டுக் கணக்கை அப்புறம் கேளுங்கள். 25,000 ரூபாயைத் தலைமையாசிரியர் தூக்கிக்கொண்டு ஓடிவிட மாட்டார். இரண்டாவது, ஒரே கட்டடத்தில் இருக்கும் ஐந்து வழிப் பள்ளிகளுக்கும் கட்டடம், கழிப்பறை, நூலகம், கணினி அறை எல்லாவற்றுக்கும் ஒரே பொறுப்பாளர், ஒரே பணப்பை. பாடம் அந்தந்த மொழியில் தனியாகவே நடக்கட்டும். இதைச் சொன்னால் சிலர் உடனே “அப்போ தமிழை மராத்தியோடு இணைத்துவிடலாம்” என்று ஆரம்பிப்பார்கள், அது நான் சொல்வதற்கு நேர் எதிர். மூன்றாவது, ஆசிரியர் பணியிடத்தை ஒரு வருட எண்ணிக்கையை வைத்து வெட்டாமல் மூன்று வருடச் சராசரியை வைத்து முடிவு செய்வது. சிறுபான்மை மொழி வழிக்கு வகுப்புக்குக் குறைந்தது ஒருவர் என்று மாநிலமே விதி செய்யலாம். கல்வி உரிமைச் சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் கொடுக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், முடிந்தவரை, என்று 29-ஆவது பிரிவில் இருப்பதும் அதே சட்டம்தான்.

நான்காவது கொஞ்சம் பெரிய விஷயம். 73-ஆவது திருத்தத்தில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கான 11-ஆவது அட்டவணையில் “தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி உட்பட கல்வி” என்று தெளிவாக எழுதினார்கள். நகரங்களுக்கான 74-ஆவது திருத்தத்தில், 12-ஆவது அட்டவணையில், “பண்பாடு, கல்வி, அழகியல் அம்சங்களை வளர்த்தல்” என்று போகிற போக்கில் ஒரு வரி. மும்பைக்குப் பழைய சட்டம் இருந்ததால் தப்பித்தது. பெங்களூரில் பார்த்தால் பெரும்பாலான அரசுப் பள்ளிகள் மாநிலத்துடையவை, மாநகராட்சிக்கு மிகச் சில. டெல்லியில் பொதுவாக ஐந்தாவது வரை மாநகராட்சி, ஆறாவதில் இருந்து டெல்லி அரசு, பிள்ளை பத்து வயதில் அரசாங்கமே மாறுகிறது. கேரளத்தில் 1990-களின் நடுவில் பள்ளிகளை உள்ளாட்சிக்குக் கொடுத்தபோது, 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள், ஆசிரியர் சம்பளத்தை மாநிலமே வைத்துக்கொண்டது. பொறுப்பு போகும்போது பணமும் கூடவே போனது. மும்பையில் பொறுப்பு மாநகராட்சியிடம் இருக்கிறது, நியமனக் கதவின் சாவி மாநிலத்திடம் இருக்கிறது. சாவியைக் கொடுங்கள், அல்லது காலியிடத்துக்கு ஆள் வரும்வரை சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கொடுங்கள், தமிழ் தெரிந்த தகுதியான ஆளைத் தற்காலிகமாகவாவது மாநகராட்சி போட்டுக்கொள்ளும். அப்புறம், 2022 மார்ச்சில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு வருடக்கணக்கில் மும்பையை நிர்வாக அதிகாரி மட்டுமே நடத்தியதையும் மறக்கக் கூடாது. வார்டில் போய்க் கேட்க ஒரு ஆளே இல்லாத காலம் அது.

இதுவரை சொன்னதில் விதிகள், தேதிகள், பணம் போகும் பாதை எல்லாம் உறுதியானவை. “பணத்தைக் கூட்டினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள்” என்பது அந்த அளவுக்கு உறுதி இல்லை. கோத்தாரி கமிஷன் 1966-இலேயே தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்றது, 2020 கல்விக் கொள்கையும் அதையே சொல்லிவிட்டு 2017-18-இல் 4.43 சதவீதம்தான் என்று ஒப்புக்கொள்கிறது. எனக்கும் 6 வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆந்திரத்தில் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முதல் வருடம் மதிப்பெண் ஏறியது, இரண்டாம் வருடம் பள்ளியே நோட்டும் பொருளும் தரும் என்று தெரிந்த பெற்றோர் தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டார்கள், முன்னேற்றம் நின்றது. பெற்றோர் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் அப்படித்தான். உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டவர்கள் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குழுவின் உரிமைகளை ஊராருக்கு எடுத்துச் சொன்னதால் மட்டும் பள்ளியில் எதுவும் மாறவில்லை. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்பு நடத்தியபோது, அதற்கு வந்த பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். குழு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கையில் பணமோ நியமன அதிகாரமோ இல்லாத குழு வெறுமனே கூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நான் பார்த்த கூட்டங்கள் பலவும் அப்படித்தான் முடிந்தன.

இதெல்லாம் மாற வருடங்கள் ஆகும், உங்கள் மகள் அதுவரை நான்காவதிலேயே இருக்க மாட்டாள். அதனால் இப்போது செய்யக் கூடியதைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், 21-ஆவது பிரிவு. உங்கள் பள்ளியில் யார் யார் என்று கேளுங்கள், நீங்களும் சேருங்கள். குழு சார்பில் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: இந்த வருட சஞ்ச மான்யதாவில் எத்தனை பணியிடம் அங்கீகாரம், எத்தனை நிரப்பப்பட்டது. அங்கீகரித்ததே இரண்டு என்றால், உங்கள் சண்டை மாநிலத்தின் விதியோடும் எண்ணிக்கையோடும். மூன்று அங்கீகரித்து இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அது 26-ஆவது பிரிவை மீறியது. பள்ளியின் பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் காலி இருக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு, அப்போது மாநகராட்சிக் கல்வி அதிகாரிக்குப் பிரிவு எண்ணைப் போட்டே எழுதலாம். தாளைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமையில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 வார்த்தைக்குள். நீளமாக எழுதினால் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். பதில் 30 நாளில் வர வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, தமிழ்ப் பிரிவில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் ஆதார் அட்டையை எடுக்கச் சொல்லி, பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, அப்பா பெயர் முழுதாக இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றா. பொருந்தாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள், எந்தப் பெயரை எங்கே திருத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.